கட்டுவதும் அவிழ்ப்பதும்: பிள்ளைகளுக்கு ஆறு முடிச்சுகள்

பத்து வயதுப் பிள்ளைக்கு ஆறு முடிச்சு போதும். கிளிஃபோர்ட் ஆஷ்லி என்ற அமெரிக்க ஓவியர், திமிங்கில வேட்டைக் கப்பலில் போய்வந்தவர், 1944-இல் வெளியிட்ட முடிச்சு நூலில் 3,800-க்கும் மேற்பட்ட பதிவுகள் படத்தோடு இருக்கின்றன. அதைப் புரட்டுவது பெரிய இன்பம். ஆனால் வீட்டிலும் தொழுவத்திலும் பள்ளியிலும் ஒரு பிள்ளையின் கைக்கு வரும் வேலைகள் கொஞ்சம்தான். ஊசியில் கோத்த நூல் நழுவாமல் இருக்க வேண்டும். ஷூ லேஸும் பொட்டலமும் கட்ட வேண்டும். அவரைப் பந்தலுக்குக் கழி கட்ட வேண்டும். கொடிக்கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். நீளம் போதாத கயிற்றோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். வாளிப் பிடியில் இறுகாத வளையம் போட வேண்டும். வேலைக்கு ஒன்றாக ஆறு.

நல்ல முடிச்சு சட்டென்று போட வரும். சுமை இருக்கும்வரை பிடிக்கும். வேலை முடிந்ததும் கத்தி இல்லாமல் அவிழும். முதல் இரண்டையும் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். மூன்றாவதை விட்டுவிடுகிறோம். அதனால்தான் ஒரு முடிச்சு நிற்கவில்லை என்றால் பிள்ளைகள் அதன்மேல் இன்னொன்று, அதன்மேலும் இன்னொன்று என்று போட்டுக் கொழுக்கட்டை பிடித்துவிடுகிறார்கள். அப்புறம் கத்தரிக்கோல் தேடுகிறோம், கயிறு ஒரு சாண் குறைகிறது. அவிழ்க்கத் தெரியாத முடிச்சைப் பிள்ளை இன்னும் கற்கவில்லை என்றே கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு முடிச்சுக்கும் அவிழ்க்கும் வழியையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

கயிறு

பழகுவதற்குப் பருத்திக் கயிறுதான் நல்லது. 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன், ஒன்றரை மீட்டர் நீளம், பிள்ளைக்கு இரண்டு துண்டு. மெல்லிய நூலில் முடிச்சின் வடிவம் சின்ன விரல்களுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறு விறைப்பானது, வழுக்கும். சரியாகக் கட்டிய முடிச்சும் அதில் நழுவிவிடும். பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். தேங்காய் நார்க்கயிறு நன்றாகப் பிடிக்கும், ஆனால் உள்ளங்கையைக் குத்தும். கை பழகிய பிறகு அதைக் கொடுக்கலாம்.

இரண்டு துண்டும் இரண்டு நிறமாக இருக்கட்டும். ஒன்றை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காய வைத்தாலே போதும். எந்தக் கயிறு எதன்மேல் போகிறது என்று நிறத்தைச் சொல்லிக் காட்டலாம். வலது, இடது என்று சொன்னால் பாதிப் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். வெட்டிய முனை பிரிந்து பிசிர் பிசிராகப் போகாமல் தையல் நூலால் பத்துப் பன்னிரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். நைலான் கயிறாக இருந்தால் முனையைத் தீயில் காட்டி உருக்கி ஒட்டலாம். அது பெரியவர் வேலை; உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

கயிற்றைக் கையில் கொடுப்பதற்கு முன் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். கயிறு யார் கழுத்துக்கும் போகக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. சேலையில் கட்டிய தூளியிலும் ஊஞ்சலிலும் தனியாக விளையாடும்போது கழுத்து இறுகிக் குழந்தைகள் இறந்துபோன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். பயிற்சி முடிந்ததும் கயிறுகளை எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் ஒன்றும் கிடக்கக் கூடாது. விரலில் சுற்றி இறுக்கிப் பார்க்கக் கூடாது. ஆட்டையோ கன்றையோ பிடித்துப் போகும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. மாடு மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு கையை விடாது. மிச்சக் கயிற்றை மடித்துப் பிடிக்கப் பழக்குங்கள். ஆபத்து என்றால் விரலைத் திறந்தால் போதும்.

எங்கே உட்காருவது

பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து கட்டிக் காட்டினால் உங்கள் வலது கை அதற்கு இடது பக்கத்தில் தெரியும். தலைக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து வயதில் அது பெரிய வேலை. பக்கத்தில், ஒரே திசை பார்த்து உட்காருங்கள். சின்னப் பிள்ளையானால் மடியில் உட்கார வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கைகளை நீட்டிக் கட்டலாம். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு மட்டும், நீங்கள் வலது கைக்காரர் என்றால், எதிரே உட்காருவதுதான் சரி. உங்கள் அசைவு அதற்குக் கண்ணாடியில் தெரிவதுபோலப் பொருந்திவிடும். அந்தக் கையை மாற்றச் சொல்லி வற்புறுத்தவே கூடாது. முடிச்சுக்கு இடமும் வலமும் ஒன்றுதான்.

பிள்ளையின் கையிலிருந்து கயிற்றை வாங்கி நீங்கள் சரிசெய்து திருப்பிக் கொடுக்காதீர்கள். உங்கள் கயிற்றில் செய்து காட்டுங்கள், அதன் கயிற்றை அதுவே திருத்தட்டும். படத்தை முதலில் காட்டாதீர்கள். தாளில் வரைந்த முடிச்சு பெரியவர்களுக்கே புரிய நேரமாகும். கை ஒருமுறை செய்துவிட்ட பிறகு படம் உதவும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், ஒரு முடிச்சு வந்துவிட்ட பிறகே அடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு கட்ட வந்தால் அது கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மின்சாரம் போன இரவுகள் இந்தப் பரீட்சைக்கு நல்ல நேரம்; பிள்ளைகளும் ஆசையாக உட்காருவார்கள்.

முதல் பாடம் அவிழ்ப்பது

கட்டுவதற்கு முன்னால் அவிழ்க்கக் கொடுங்கள். பழைய கயிறு, நாடா, லேஸ் துண்டுகளில் விதவிதமாக முடிச்சுப் போட்டு ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் நான்கு வயதுப் பிள்ளையும் அரை மணி நேரம் அசையாமல் உட்காரும். முடிச்சு என்பது எதுவோ எதன் அடியிலோ நுழைந்திருப்பதுதான் என்று விரல்கள் தாமாகவே கண்டுபிடிக்கும்.

அவிழ்க்கும் முறை ஒன்று உண்டு. பிள்ளைகள் முதலில் முனையைப் பிடித்து இழுப்பார்கள், முடிச்சு இன்னும் இறுகும். இழுக்காதே, உள்ளே தள்ளு என்று சொல்லிக்கொடுங்கள். முடிச்சை நன்றாகப் பாருங்கள்: எங்கோ ஓரிடத்தில் ஒரு வளைவு இன்னொரு கயிற்றின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த வளைவைக் கட்டைவிரலால் பின்னால் மடக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கக் கயிற்றையும் முடிச்சுக்குள் தள்ளினால் இறுக்கம் விடும். பிடிவாதமான முடிச்சுக்கு முனை மழுங்கிய மூங்கில் குச்சி ஒன்று வைத்துக்கொள்ளலாம். பல்லால் கடித்து அவிழ்க்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுங்கள். நார்க்கயிறும் பருத்திக் கயிறும் நனைந்தால் உப்பி, முடிச்சு இறுகும். மழையில் நனைந்த கட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். காயவிட்டால் பாதி வேலை மிச்சம்.

ஒற்றை முடிச்சு

வளையம் போட்டு முனையை உள்ளே விட்டு இழுப்பது. பிள்ளைகளுக்கு இது தானாகவே வந்துவிடும். ஊசி நூலின் முனைக்கு, கயிறு துளையிலிருந்து நழுவாமல் இருப்பதற்கு, பிரியும் முனையைத் தற்காலிகமாகப் பிடித்து வைப்பதற்கு, அவ்வளவுதான் இதன் உபயோகம். இறுகிவிட்டால் ஆறு முடிச்சிலும் அவிழ்க்கக் கடினமானது இதுதான். ஆகவே பெரிய சுமைக்கு வேண்டாம்.

இதை வைத்து ஒரு சோதனை செய்து காட்டலாம். தையல் நூலில் நடுவில் ஒரு ஒற்றை முடிச்சுப் போட்டு இரு பக்கமும் இழுக்கச் சொல்லுங்கள். நூல் முடிச்சின் வாயில் அறும். இன்னொரு நூல், இன்னொரு முடிச்சு, மறுபடியும் அங்கேயே அறும். முடிச்சுக்குள் கயிறு கூர்மையாக வளைகிறது. வளைவின் வெளிப்பக்க இழைகள் அதிகம் இழுபடுகின்றன, அவை முதலில் அறுந்து மற்றவை தொடர்கின்றன. எந்த முடிச்சும் கயிற்றின் பலத்தைக் கொஞ்சம் தின்னும் என்பது பிள்ளைக்கு அந்த நிமிடமே புரிந்துவிடும். தேவையில்லாத முடிச்சுகளை அவிழ்த்துவிட்டுக் கயிற்றை வை என்று நீங்கள் சொல்லும்போது காரணம் கேட்காது.

ரீஃப் நாட், ஷூ லேஸ்

மஞ்சள், வெள்ளை இரண்டு முனைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளை வெள்ளையின் மேலே போட்டு அடியில் நுழைத்து இழுங்கள். இப்போது மஞ்சள் மறுபக்கம் போயிருக்கும். மறுபடியும் அதே மஞ்சளை வெள்ளையின் மேலே போட்டு நுழைத்து இழுங்கள். இரண்டு தடவையும் மஞ்சள்தான் மேலே. சரியாக வந்தால் முடிச்சு தட்டையாகப் படுக்கும். மஞ்சளின் முனையும் மஞ்சள் கயிறும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பக்கம் வரும், வெள்ளையும் அப்படியே. இரண்டாவது தடவை வெள்ளை மேலே போய்விட்டால் முனைகள் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கும். அது வழுக்கும், சில சமயம் கல்லாக இறுகும். தப்பான முடிச்சையும் ஒன்று கட்ட வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரிந்த பிள்ளை பிறகு உங்களைக் கேட்காமல் தானே திருத்திக்கொள்ளும்.

அவிழ்ப்பதுதான் இதில் அழகு. மஞ்சள் முனையைப் பிடித்து, மஞ்சள் கயிற்றுக்கு எதிர்த் திசையில் வெடுக்கென்று இழுங்கள். மஞ்சள் நேராகிவிடும், வெள்ளை அதன்மேல் ஒரு வெறும் சுற்றாக நிற்கும், உருவி எடுத்துவிடலாம். எவ்வளவு இறுகினாலும் இது பெரும்பாலும் பலிக்கும். தட்டையாகப் படுப்பதாலும் இப்படிச் சுலபமாக அவிழ்வதாலும்தான் முதலுதவியில் கைத்தூளி கட்ட இந்த முடிச்சைச் சொல்கிறார்கள். உலகச் சாரணர் சின்னத்தைச் சுற்றியிருக்கும் கயிற்றின் அடியில் இருப்பதும் இதே முடிச்சு. பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலிருந்தே முடிச்சு சாரணர் பாடமாக இருந்து வருகிறது. உங்கள் பள்ளியில் சாரணர் படை இருந்தால் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். கூடக் கட்டுவதற்கு நாலு பேர் கிடைப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. பொட்டலம், காயக்கட்டு, ஷூ என்று ஒரு பொருளைச் சுற்றிக் கட்டும்போதுதான் இது நம்பகமானது. சுமை தாங்க வேண்டிய இரண்டு கயிறுகளை இதனால் இணைக்கக் கூடாது. எந்த அசைவில் சுலபமாக அவிழ்கிறதோ அதே அசைவு தற்செயலாக நேர்ந்தாலும் அவிழும்.

ஷூ லேஸ் இதே முடிச்சுதான். இரண்டாவது கட்டில் முனைகளுக்குப் பதில் மடித்த காதுகள் போகின்றன, அவ்வளவே. ஐந்து, ஆறு வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கை ஒத்துழைக்கும்; சிலருக்கு ஏழாகும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. காலில் போட்ட ஷூவில் பழக்காதீர்கள். குனிந்துகொண்டு, தலைகீழாகப் பார்த்துக்கொண்டு புதிதாக ஒன்றைக் கற்பது கஷ்டம். ஷூவைக் கழற்றி மேசையில், முனை எதிர்ப்புறம் பார்க்க வைத்துப் பழகட்டும். கட்டி முடித்ததும் காதுகள் எப்படிக் கிடக்கின்றன என்று பாருங்கள். பாதத்துக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் சரி. விரலையும் குதிகாலையும் பார்த்து நீளவாக்கில் திரும்பி நின்றால் தப்பான முடிச்சு. அதற்குக் காது போடும் முறையை மாற்ற வேண்டாம். முதல் கட்டை மட்டும் எதிர்ப் பக்கமாகப் போட்டால் சரியாகிவிடும். பெரியவர்களிலும் நிறையப் பேர் ஆயுள் முழுக்கத் தப்பாகவே கட்டிக்கொண்டு லேஸின் மேல் பழி போடுகிறார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2017-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஓடும்போது பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி முடிச்சைத் தளர்த்துகிறது, ஆடும் முனைகள் அதை இழுத்து அவிழ்க்கின்றன. தப்பான முடிச்சு இன்னும் சீக்கிரம் விட்டுப்போகிறது என்று கண்டார்கள். பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். காலைப் பிரார்த்தனைக்கும் மாலை விளையாட்டுக்கும் நடுவில் எத்தனை தடவை அவிழ்ந்தது என்று தானே எண்ணிப் பார்க்கும்.

பாவாடை நாடாவில் போடும் சுருக்கும் இந்த வகைதான், ஒற்றைக் காதோடு. முனையை இழுத்தால் அவிழும் என்று தெரிந்தாலும் எந்த முனை என்று தெரியாமல்தான் சின்னப் பெண்கள் கடுமுடிச்சாக்கிக்கொண்டு கழிவறை வாசலில் தவிக்கிறார்கள். இழுக்க வேண்டிய முனையில் ஒரு சின்ன மணியோ வண்ண நூலோ தைத்துவிடுங்கள்.

பூ கட்டும் கை

தமிழ்நாட்டில் பூ கட்டும் வீடுகள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுத்த முடிச்சான க்ளவ் ஹிட்ச் பாதி தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. ஒரு சிறுமி பலகையில் மாட்டியிருந்த க்ளவ் ஹிட்ச் படத்தையே பார்த்துப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அவளுடைய ஆச்சி, “ஏட்டி, பூவுக்குப் போடுத மாதிரிப் போடேன்” என்றார். அவள் கயிற்றை விரலில் மாட்டி ஒரு திருகு திருகித் தூணின் தலையில் போட்டாள். அதே மாதிரி இன்னொன்று. இறுக்கினாள். முடிந்தது.

பூ கட்டும்போது என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். இரண்டிரண்டு பூவாக எதிரெதிரே வைத்துக் காம்புகளை ஒன்றன்மேல் ஒன்று பிடிக்கிறோம். நூலை விரலில் வளைத்து, ஒரு திருகு கொடுத்து, காம்புகளின் மேல் மாட்டி இழுக்கிறோம். நூல் தன்னையே தன் அடியில் அமுக்கிக்கொள்கிறது. அது ஒரு அரைமுடி. ஒரே பக்கமாகத் திருகிய இரண்டு அரைமுடிகளை அடுத்தடுத்து ஒரு கழியில் மாட்டினால் அதுதான் க்ளவ் ஹிட்ச். கட்டடச் சாரத்துக்குச் சவுக்குக் கம்புகளைப் பிணைக்கும்போதும், புடலைப் பந்தலுக்குக் குறுக்குக்கழி கட்டும்போதும் பிணைப்பைத் தொடங்கி வைக்க இது நல்ல முடிச்சு.

சரி பார்ப்பது சுலபம். வெளிப்பக்கம் ஒரு சாய்ந்த பட்டை தெரிய வேண்டும். அதன் அடியிலிருந்து இரு முனைகளும் எதிரெதிர்ப் பக்கமாகப் போக வேண்டும். இரண்டு முனையும் ஒரே பக்கம் வந்தால் இரண்டாவது திருகு மாறிவிட்டது என்று அர்த்தம். கழியின் தலை எட்டாத உயரத்தில் இருந்தால் மாட்ட முடியாது, முனையைச் சுற்றித்தான் கட்ட வேண்டும்: ஒரு சுற்று, தன்மேலேயே குறுக்கே ஏறி இன்னொரு சுற்று, கடைசியில் அந்தக் குறுக்கின் அடியில் நுழைத்தல். அவிழ்க்க, சாய்ந்த பட்டையைத் தளர்த்தினால் போதும். கழியின் தலைப்பக்கமாக உருவினால் கயிறு முடிச்சே இல்லாமல் கையில் வரும்.

இதை நம்பி உயிருள்ள எதையும் கட்டக் கூடாது. கழி உருண்டாலோ, கயிறு இப்படியும் அப்படியுமாக இழுபட்டாலோ மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். கன்றுக்குட்டி செய்வது அதைத்தான். அதற்கு அடுத்த முடிச்சு இருக்கிறது.

இரண்டு சுற்று, இரண்டு அரைமுடி

பிள்ளைக்கு ஒரே ஒரு முடிச்சுதான் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கிறது என்றால் இதைச் சொல்லிக்கொடுங்கள். கயிற்றைத் தூணிலோ முளைக்குச்சியிலோ முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். சுற்றிய உடனே முனையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மறுபக்கம் நீங்கள் இழுத்துப் பாருங்கள். உங்கள் பலம் முழுவதையும் அது இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளும். பிடிப்பது சுற்று, விரல் இல்லை. இந்த ஆச்சரியத்தை அவசரப்படாமல் அனுபவிக்க விடுங்கள். கிணற்றில் வாளி இறக்குகிறவர்களும் படகைக் கரையில் கட்டுகிறவர்களும் நம்பியிருக்கும் விஷயம் இது. பிறகு முனையை, இழுபட்டு நிற்கும் கயிற்றைச் சுற்றி வளைத்து, இடையில் நுழைத்து ஓர் அரைமுடி. அதே திசையில் இன்னொன்று. இரண்டையும் தூணை ஒட்டித் தள்ளி இறுக்குங்கள்.

அந்த இரண்டு அரைமுடியை உற்றுப் பார்த்தால் சாய்ந்த பட்டை தெரியும். கழியில் போட்ட க்ளவ் ஹிட்ச்சை இப்போது கயிற்றின்மேலேயே போட்டிருக்கிறோம். இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை நீங்கள் சொல்லாதீர்கள்.

கொடிக்கயிறு கட்ட, கன்றை முளையில் கட்ட, ஊருக்குப் போகும்போது சைக்கிள் கேரியரில் பையைக் கட்ட எல்லாவற்றுக்கும் இது உதவும். மறுமுனையில் இழுப்பு இருக்கும்போதே அவிழ்க்க வரும் என்பது இதன் பெரிய பலன். அரைமுடிகளை எடுத்த பிறகும் சுற்றுகள் சுமையைப் பிடித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். வேலையாகக் கொடுங்கள். இனிமேல் கொடிக்கயிறு இந்தப் பிள்ளையின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு நனைந்த போர்வையைக் காயப்போடுங்கள். காற்றில் தொங்கவிட்டுப் பழகிய முடிச்சு மறந்துபோகும். போர்வை தரையில் விழாமல் காத்த முடிச்சு மறக்காது.

இரண்டு கயிற்றைச் சேர்க்க: ஷீட் பெண்ட்

தடித்த கயிற்றின் முனையை மடித்து ஒரு கையில் பிடியுங்கள். மெல்லிய கயிற்றை அந்த மடிப்புக்குள் அடியிலிருந்து மேலே கொண்டுவாருங்கள். மடிப்பின் இரண்டு கால்களையும் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, மெல்லிய கயிற்றை அதன் அடியிலேயே நுழையுங்கள். மடிப்புக்குள் திரும்ப விடக் கூடாது. பிள்ளைகள் தவறுவது அந்த இடத்தில்தான். முடித்ததும் இரண்டு குட்டை முனைகளும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஒரு கயிறு மற்றதைவிட ரொம்ப மெல்லியதானால் இரண்டு சுற்றுச் சுற்றி நுழைக்கலாம். அவிழ்க்க, மடிப்பின் வளைவை மெல்லிய கயிற்றின் மேலிருந்து பின்னால் மடக்கினால் போதும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மீன்வலை ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து ஒரு கண்ணியின் முடிச்சை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அமைப்பு இதேதான். நெசவாளர்கள் அறுந்த இழையை இணைக்கப் போடும் முடிச்சும் இதே குடும்பம். தளர்ந்து ஆடினால் இது நழுவும். எப்போதும் இழுப்பில் இருக்கும் இடத்துக்குத்தான் ஏற்றது.

இறுகாத வளையம்: போலைன்

ஆறிலும் கடினமானது இது. எட்டு வயதுக்குப் பிறகு தொடங்கினால் போதும். கயிற்றின் நீண்ட பகுதியை இடது கையில் பிடியுங்கள். முனைப் பக்கம் நீண்ட பகுதியின் மேலே ஏறும்படி ஒரு சின்ன வளையம் போடுங்கள். அதுதான் எலிவளை. நீண்ட பகுதி தென்னை மரம். முனை எலி. எலி வளைக்கு அடியிலிருந்து மேலே வருகிறது, மரத்தின் பின்பக்கமாகச் சுற்றுகிறது, வந்த வளைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. எலியையும் மரத்தையும் பிடித்து இழுத்தால் முடிச்சு. சின்ன வளையத்தை மாற்றிப் போட்டிருந்தால் இழுத்ததும் எல்லாம் கலைந்து வெறும் கயிறு மிஞ்சும். பிள்ளை சோர்ந்துபோகாமல் இருக்க அதை ஒரு மாயவித்தையாக முன்கூட்டியே காட்டிவிடுங்கள். முனை ஒரு சாணாவது நீட்டிக்கொண்டிருக்கட்டும். இழுப்பு இல்லாதபோது இந்த முடிச்சு கொஞ்சம் தளரும்.

எவ்வளவு இழுத்தாலும் வளையம் சுருங்காது. அதனால்தான் ஆட்டின், கன்றின் கழுத்துக்கு இது. சுருக்கு வளையம் போட்டால் கன்று முன்னால் இழுக்க இழுக்கக் கழுத்தை நெரிக்கும். இந்த இரண்டின் வித்தியாசத்தை ஒரு மண்பானையின் கழுத்தில் கட்டிக் காட்டுங்கள், தன் மணிக்கட்டில் வேண்டாம். அவிழ்க்க, எலி மரத்தைச் சுற்றிய வளைவை மரத்தோடு சேர்த்துப் பின்னால் தள்ளுங்கள். பெரிய சுமை தாங்கிய பிறகும் அவிழும்.

போலைன் வந்துவிட்ட பிள்ளைக்குத் தண்ணீர்ப் பாடத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குளத்திலோ கிணற்றிலோ ஒருவர் தத்தளித்தால் குதிக்கக் கூடாது, நீச்சல் தெரிந்தாலும் கூடாது. முதலில் கூச்சல் போட்டுப் பெரியவர்களை வரவழைக்க வேண்டும். கயிறு இருந்தால் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ இரண்டு சுற்று, இரண்டு அரைமுடி. மறுமுனையில் தலையும் தோளும் நுழையும் அளவு போலைன் வளையம் போட்டு எறிய வேண்டும். வளையம் மார்பை நெரிக்காது, கயிறு மரத்தில் இருப்பதால் பிள்ளையும் உள்ளே இழுபடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில், தண்ணீருக்குப் பதில் ஒரு கோடு போட்டு இதை ஒத்திகை பார்த்துவிடுங்கள். அவசரத்தில் கை புதிதாக எதையும் யோசிக்காது.

சுமை கொடுப்பதற்கு முன்

பிள்ளை கட்டிய கட்டில் யாராவது தொங்கவோ ஏறவோ போகிறார்கள் என்றால் ஒரு பெரியவர் இழுத்துப் பார்க்காமல் விடக் கூடாது. ஊஞ்சல், தூளி, மரத்தில் ஏறும் கயிறு இவை மூன்றும் பெரியவர் கட்ட வேண்டியவை, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கலாம். மற்றபடி விழுந்தால் நஷ்டமில்லாத சுமைகளை முதலில் கொடுங்கள்: துணி, வாளி, விறகுக்கட்டு, பழைய செய்தித்தாள் கட்டு.

கயிற்றையும் பார்க்கப் பழக்குங்கள். நைலானும் பிளாஸ்டிக்கும் வெயிலில் கிடந்தால் நிறம் வெளிறி, தொட்டால் தூளாக உதிரும். வெளியே முழுசாகத் தெரிந்தாலும் பலம் போயிருக்கும். நார்க்கயிறும் பருத்தியும் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உள்ளிருந்து மக்கும். புரியைத் திருகிப் பிரித்து உள்ளே பார்க்க வேண்டும்: கறுத்திருக்கிறதா, வாடை அடிக்கிறதா, இழை விரலில் ஒடிகிறதா என்று. அப்படிச் சந்தேகம் வந்த கயிறு எந்தச் சுமைக்கும் வேண்டாம். ஒடிந்து உதிர்வதைக் குப்பையில் போடுங்கள். இழை நன்றாக இருந்து இடையில் மட்டும் தேய்ந்ததை வெட்டித் துண்டுகளாக்கி, முனைக்கு நூல் சுற்றி, அவிழ்க்கும் பையில் சேர்த்துவிடுங்கள்.